சிவப்பு குறைத்த தாள்

குன்னங்குளம்
3 பிப்ரவரி 2003

ஷேர்லிக்கு,

நேற்று நீ பேச்சின் நடுவில் போனை வைத்துவிட்டாய். லைன் போய்விட்டது என்று நினைத்துத் திரும்ப அழைத்தேன். நீ தூங்கிவிட்டதாக விடுதிக் காவலாளி சொன்னான். என்னிடம் பேச விரும்பாதவர்களோடு வாழ்ந்து எனக்குப் பழக்கம் உண்டு. ஆனால் காணாமல் போயிருப்பவன் உன் புருஷன், என் தம்பி. ஆகவே எழுதுகிறேன்.

டெய்சன் ஜனவரி 22 காலை கடையிலிருந்து இறங்கிப் போனான். உடுத்திய வேட்டி சட்டையைத் தவிர ஒன்றும் எடுக்கவில்லை. பாஸ்போர்ட் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. இரண்டு நாளில் வருவான் என்று இருந்தேன். நான்காம் நாள் போலீஸில் எழுதிக் கொடுத்தேன். "முப்பத்தெட்டு வயசு ஆம்பளை மாஷே, பசிச்சா தானா வருவான்" என்றான் ஏட்டு. கல்லூரி வாசலோடு திரும்பி வந்த என்னை இந்த ஊர் இன்னும் மாஷ், வாத்தியார், என்றுதான் கூப்பிடுகிறது. மரியாதைக்காகக் கூப்பிடுகிறார்களா என்று நான் கேட்டதில்லை.

நோட்டீஸ் நானே தயார் செய்கிறேன். மஸ்கட் விசிட் விசாவுக்காக எடுத்த படம் இருக்கிறது. அதை நல்ல அடர்த்தியில் ஸ்கேன் செய்து போட்டோஷாப்பில் ஏற்றியிருக்கிறேன். திரையில் தெரிவது வெளிச்சம், தாளில் விழுவது மை. திரையின் நிறத்தை அச்சின் நான்கு மைகளுக்கு மாற்றும்போது முகம் செத்துப்போகும்; அதை முன்னாலேயே சரிக்கட்ட வேண்டும். எழுத்தெல்லாம் தனிக் கறுப்பு மையில் மட்டும் விழ வேண்டும், இல்லாவிட்டால் போன் நம்பர் இரட்டையாகத் தெரியும். சுற்றிலும் வெட்டுக்கு மூன்று மில்லிமீட்டர் விட வேண்டும். இந்த ஊரில் நாற்பது பேர் இந்த வேலை செய்கிறார்கள். தெரிந்து செய்பவர்கள் நான்கு பேர்.

ஏன் போனான் என்று கேட்டாய். சின்னப் பேச்சுதான். கடையில் தினமும் நடப்பது.

இட்டூப்

*

மஸ்கட்
13 பிப்ரவரி 2003

இட்டூப் சேட்டனுக்கு,

போனை வைத்தது நான்தான். "அவன் எப்பவும் அப்படித்தான்" என்று நீங்கள் சொன்ன பிறகு கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

சின்னப் பேச்சு என்றால் என்ன பேச்சு? யார் பேசியது? அவர் கோபக்காரர் இல்லை. ஐந்து வருஷத்தில் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. ஒரு செருப்பு வாங்கக்கூட என்னைக் கேட்கிறவர், வெறுங்கையோடு இறங்கிப் போயிருக்கிறார்.

நோட்டீஸைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறீர்கள். அந்த மறுவைப் பற்றி ஒரு வரி இல்லை. இடது கண் முனையில் தொடங்கிக் காதைச் சுற்றிக் கழுத்துவரை இறங்குகிறது, நாவல் பழம் நசுங்கிய நிறம். வழியில் போகிறவர்கள் அவரிடம் பார்ப்பது அதைத்தான். அது இல்லாமல் அவரை யாரும் கண்டுபிடிக்க முடியாது.

1998இல் கல்யாணத் தரகரிடம் நீங்கள் கொடுத்தனுப்பிய படத்தை நான் இன்னும் வைத்திருக்கிறேன். கன்னம் கழுவித் துடைத்த மாதிரி இருக்கும். மனசம்மத நிச்சயத்துக்கு முதல் நாள் எங்கள் வீட்டு முன்னால் ஜீப்பிலிருந்து இறங்கியவரைப் பார்த்து என் அப்பா, "மாப்பிள்ளை பின்னால வர்றாரா?" என்று கேட்டார். டெய்சன் சிரித்தார். "நான்தான் அச்சாயா. படத்துல இருக்கிறவருக்கு வர சௌகரியப்படலை." அந்தச் சிரிப்புக்காகக் கட்டிக்கொண்டேன். உங்கள் படத்துக்காக அல்ல. ஆனாலும் உங்களை நான் மன்னிக்கவில்லை. இதுவரை சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

இந்தத் தடவை அதைத் தொடாதீர்கள்.

யுத்தம் வரும் என்று இங்கே எல்லோருடைய லீவையும் நிறுத்தியிருக்கிறார்கள். மே மாதத்துக்கு முன்னால் என்னை விடமாட்டார்கள்.

ஷேர்லி

*

குன்னங்குளம்
25 பிப்ரவரி 2003

ஷேர்லிக்கு,

மறுவை நான் தொடவில்லை. என் கம்ப்யூட்டரில் அந்த ஃபைல் இருக்கிறது, வந்து பார்க்கலாம். அதன் ஓரம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று பின்புறத்தை வெளுப்பாக்கினேன். அடியில் 'இடது கன்னத்தில் மறு' என்று எழுதவில்லை, படமே சொல்லும்போது எழுத்து எதற்கு.

ஐயாயிரம் அடித்தாகிவிட்டது. தனியாக அடித்தால் வாரக் கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பதால், வேறு வேலைகளோடு ஒரே பெரிய தாளில் சேர்த்து அடித்தோம். இங்கே எல்லோரும் அப்படித்தான். திருச்சூர், பாலக்காடு, கோழிக்கோடு பஸ் ஸ்டாண்டுகளுக்குப் பத்திரிகை வேன்களில் அனுப்பிவிட்டேன். பிரதி கேட்பாய். ஈர மையோடு கட்டிக் கொடுத்ததில் கையில் மிஞ்சியது ஒன்றும் சரியில்லை. பிறகு அனுப்புகிறேன்.

நீ மன்னிக்காததைப் பற்றி. நானும் ஒன்று சொல்கிறேன். 1979இல் எனக்குக் கல்லூரியில் பௌதிக ஆசிரியர் வேலை உறுதியாகியிருந்தது. நிர்வாகத்துக்குக் கொடுக்க அப்பன் ரப்பர் தோட்டத்தை விற்றார். அதே மாதம் வேலூரில் ஒரு டாக்டர் முகத்து மறுவை எடுக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். அந்தப் பணத்தோடு பதினான்கு வயசு டெய்சனைக் கூட்டிக்கொண்டு போய் நான்கு மாதம் அங்கேயே இருந்துவிட்டு, அதே முகத்தோடு திரும்பி வந்தார்கள். தோட்டமும் போயிற்று, வேலையும் போயிற்று. ஒரு வார்த்தை என்னிடம் கேட்கவில்லை. அந்த மறு எனக்கு என்ன செய்தது என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆனாலும் தொடவில்லை.

இட்டூப்

*

மஸ்கட்
14 மார்ச் 2003

இட்டூப் சேட்டனுக்கு,

என்னோடு வேலை செய்யும் சுஹறாவின் உம்மா கோழிக்கோட்டில் இருக்கிறார். மாவூர் ரோட்டு ஸ்டாண்டுச் சுவரிலிருந்து உங்கள் நோட்டீஸைக் கிழித்துக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறார். என் முன்னால் மேசையில் இருக்கிறது.

மறு இல்லை. விளக்கு ஒரு பக்கமாக விழுந்த மாதிரி ஒரு நிழல், அவ்வளவுதான். சுஹறாவிடம் காட்டினேன். அவள் டெய்சனைப் பார்த்ததில்லை. "கொள்ளாமே, நல்லாருக்காரே, நல்ல வெளுத்த ஆளு" என்றாள்.

தொடவில்லை என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறீர்கள்.

இன்னொரு தாளும் மேசையில் இருக்கிறது. அதை அனுப்பியது உங்கள் தெருக்காரர் ஒருவர், பெயர் வேண்டாம். ஜனவரி 22 காலை குன்னங்குளத்தில் வீடு வீடாகப் பத்திரிகைக்குள் வைத்துப் போட்டது. உங்கள் கடை விளம்பரம். 'புகைப்படத்திலுள்ள குறைகள் தடயமின்றி நீக்கித் தரப்படும்.' கீழே ஒரே முகம் இரண்டு தடவை, நடுவில் ஒரு கோடு. ஒரு பக்கம் மறுவோடு, அடுத்த பக்கம் சுத்தமாக.

டீக்கடையில் டெய்சன் உட்கார்ந்திருந்தபோது பத்திரிகையிலிருந்து அது விழுந்ததாம். எதிரில் இருந்தவன் தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தானாம். பிறகு கையை நீட்டி, தூரத்திலிருந்தே அவர் முகத்தில் ஒரு பாதியை மறைத்துப் பார்த்தானாம். கடையே சிரித்ததாம். பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனார் என்று எழுதியிருக்கிறார்.

இதுதான் உங்கள் சின்னப் பேச்சு.

ஷேர்லி

*

குன்னங்குளம்
24 மார்ச் 2003

ஷேர்லிக்கு,

முதலில் நோட்டீஸ். நீ நினைப்பது தவறு.

பெரிய தாளில் டெய்சனின் வரிசைக்கு நேர் மேலே ஒரு துணிக்கடைக்காரனின் கல்யாணப் பட்டு விளம்பரம் இருந்தது. மெஷினில் மை, தாளின் அகலத்தில் பட்டை பட்டையாக விழும். ஒரு பட்டையில் சிவப்பைக் குறைத்தால் அந்தப் பட்டையில் மேலும் கீழும் இருக்கிற எல்லா முகத்திலும் சிவப்பு குறையும். துணிக்கடை ஆள் மெஷின் பக்கத்திலேயே நின்றான். "பொண்ணு என்னடா வெயில்ல காஞ்ச மாதிரி இருக்கா? நாங்க விக்கிறது பட்டா, சாக்கா?" என்று மெஷின்காரன் கொச்சப்பனைப் பிடித்துக்கொண்டான். அவர்கள் பத்தாயிரம் அடிக்கிறார்கள். கொச்சப்பன் மைச் சாவியைத் திருகி மெஜந்தாவை, அந்தச் சிவப்பு மையை, குறைத்தான். அந்த மறு முழுக்க மெஜந்தா. அதனோடு அதுவும் போயிற்று. போட்டோஷாப்பில் என் கை படவில்லை. இதை நீ எந்த அச்சகத்தில் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்.

அடுத்தது விளம்பரம். அதில் பெயர் இல்லை, ஊர் இல்லை. மாதிரிக்கு ஒரு முகம் வேண்டும். வாடிக்கையாளர் படத்தைப் போட முடியாது. கையில் இருந்ததைப் போட்டேன். ஐந்து வருஷமாக என் கடையில் வெட்டு மெஷினில் நிற்கிறான், சாப்பிடுகிறான். அந்தத் தெருக்காரர் யாரென்று எனக்குத் தெரியும். என் கடைக்கு எதிரே கடை போட்டவர் வேறு யாரைப் பற்றி எழுதுவார்.

இட்டூப்

*

மஸ்கட்
6 ஏப்ரல் 2003

இட்டூப் சேட்டனுக்கு,

சுஹறாவின் உம்மாவைக் கோழிக்கோட்டில் விசாரிக்கச் சொல்லியிருந்தேன். ஸ்டாண்டுக்குப் பின்னால் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு ஆதரவற்றோர் இல்லம் இருக்கிறது. பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் நடுவரை அங்கே ஒருவர் இருந்திருக்கிறார். தென்னை மரத்தடியைப் பெருக்குவார், கிழவர்களைக் குளிப்பாட்டுவார், பேச மாட்டார். இடது கன்னத்தில் பெரிய மறு.

நான் சிஸ்டரிடம் போனில் பேசினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நோட்டீஸ் நம்ம சாப்பாட்டு ஹால் சுவர்லதான் மோளே ஒட்டியிருந்துது. எனக்குச் சந்தேகம்தான். மூக்கு, நெத்தி எல்லாம் அதே சாயல். அவனைக் கூப்பிட்டுப் பக்கத்துல நிறுத்தினேன். அவன் ரொம்ப நேரம் அதைப் பாத்தான். அப்புறம் சொன்னான், 'சிஸ்டரே, இவன் முகத்துல ஒண்ணுமே இல்லையே, நான் எப்படி இவனாவேன்.' எனக்கும் அது நியாயமாப் பட்டுது. மறுநா காலைல பாயைச் சுருட்டி வச்சிட்டுப் போயிட்டான்."

ஒரு நாள். சிஸ்டருக்குச் சந்தேகம் வந்த அந்த ஒரு நாளில் தாளில் மறு இருந்திருந்தால், அவர் அதிலிருந்த நம்பருக்குப் போன் செய்திருப்பார்.

நான் எந்த அச்சகத்திலும் விசாரிக்கப் போவதில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் நர்ஸ். ஊசி போடும் முன் மருந்தின் பெயரைப் படித்து, நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போடுவேன். உங்கள் மெஷினில் முதல் தாள் வந்தால் யாரும் பார்க்க மாட்டார்களா?

ஷேர்லி

*

குன்னங்குளம்
19 ஏப்ரல் 2003

ஷேர்லிக்கு,

நேற்று பெரிய வெள்ளி. கடை திறக்கவில்லை, சர்ச்சுக்கும் போகவில்லை. உன் கடிதம் மேசையில் இருந்தது.

பார்ப்பார்கள். மெஷின் ஓடத் தொடங்கியதும் முதலில் நூறு தாள் வீணாகும். நிறம் நின்றதும் ஒரு தாளை எடுத்து, வேலைக்குச் சொந்தக்காரனிடம் காட்டுவார்கள். சரி என்றால் அவன் அதன் ஓரத்தில் கையெழுத்துப் போடுவான். அதன் பிறகுதான் மீதி ஓடும். அந்தத் தாளைக் கொச்சப்பன் ஒரு வருஷம் பாதுகாப்பான், பின்னால் யாராவது சண்டைக்கு வந்தால் காட்ட.

துணிக்கடை ஆள் போட்டான். பிறகு கொச்சப்பன் தாளை என்னிடம் நீட்டினான். நான் போட்டேன்.

கொச்சப்பன் டெய்சனோடு சேர்ந்து சீட்டு விளையாடுகிறவன். அவன்தான் கேட்டான். "மாஷே, ஓர்மை பண்ணிப் பாருங்க. இது நம்ம டெய்சன்தானா? மறு எங்க? வேணும்னா இவங்களது முடிஞ்சதும் உங்களதை மட்டும் தனியா ஏத்துறேன், நாலு நாள் ஆகும்." அவசரம், இது போதும் என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மெஷினை ஓட்டினான்.

அவசரத்துக்காக அல்ல. இதைக் கொச்சப்பனிடமும் சொல்லவில்லை.

மறுவோடு அந்த நோட்டீஸ் இந்த ஊர்ச் சுவர்களில் ஏறினால், பார்க்கிற ஒவ்வொருவனுக்கும் விளம்பரம் நினைவுக்கு வரும். ஒரு மாதம்கூட ஆகவில்லை. வீட்டுக்கு வீடு கிடந்தது. இவன்தானே அவன், அதனால்தானே போனான் என்று கணக்குப் போட யாருக்கும் படிப்பு வேண்டாம். முகம் வெளுத்திருந்ததும் எனக்கு வசதியாக இருந்தது. கோழிக்கோட்டிலும் பாலக்காட்டிலும் இருப்பவர்கள் விளம்பரத்தைப் பார்க்காதவர்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு இருந்ததெல்லாம் இந்த ஒரு தெரு.

சின்னப் பேச்சு என்னவென்றும் கேட்டிருந்தாய். அன்று காலை அவன் விளம்பரத்தாளோடு கடைக்கு வந்தான். சத்தம் போடவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் சேட்டா" என்றான். "கேக்கணுமா? இந்த முகத்தால நமக்கு வந்தது எல்லாம் நஷ்டம். ஒரு தடவையாவது பிரயோஜனம் வரட்டும்" என்றேன். அவன் தாளை என் மேசையில் வைத்து, பறக்காமல் இருக்க அதன் மேல் ஸ்டேப்ளரை வைத்துவிட்டு இறங்கிப் போனான்.

புது நோட்டீஸ் அடிக்கிறேன். வேறு எந்த வேலையோடும் சேர்க்காமல் தனியாக. கொச்சப்பன் மெஜந்தாவைத் திறந்து விடுவான். முதல் தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை, அவனைப் போடச் சொல்லியிருக்கிறேன். என் நம்பருக்குப் பதில் உன் அப்பாவின் வீட்டு நம்பர். இந்த ஊரிலும் ஒட்டுவேன், கடைக்கு எதிரிலும். அச்சானதும் ஒரு பிரதி உனக்கு அனுப்புவேன். பார்.

இட்டூப்

*

பையன்னூர்
30 மே 2003

இட்டூப் சேட்டனுக்கு,

15ஆம் தேதி ஊருக்கு வந்தேன். அதற்கு நான்கு நாள் முன்னால் பையன்னூரிலிருந்து ஒரு லாட்டரிக்காரி அப்பாவுக்குப் போன் செய்திருந்தாள். ஒரு ஐஸ் ஃபாக்டரியில் கட்டிகளை லாரியில் ஏற்றுகிற ஆள், நோட்டீஸில் இருக்கிறவரேதான் என்றாள். உங்கள் புது நோட்டீஸில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. அதை எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

நானும் அப்பாவும் போனோம். டெய்சன் வேலையை விட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. நோட்டீஸ் ஒட்டிய நாளிலிருந்து லாரிக்காரர்கள், மீன்காரிகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட "ஏய், காணாமப் போன ஆளே" என்று கூப்பிட்டார்களாம். அறைக்குள்ளேயே இருந்தார். மளிகைக்கும் இறங்கவில்லை. உடம்பு பாதியாகிவிட்டது.

என்னைப் பார்த்து அழவில்லை. "லீவு எத்தனை நாள்?" என்றுதான் முதலில் கேட்டார். நான் வேலையை விட்டுவிட்டேன் என்றேன். அப்போது இன்னும் விட்டிருக்கவில்லை, ஆனால் அப்படித்தான் வாயில் வந்தது. இப்போது விட்டுவிட்டேன்.

உங்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. உங்கள் கடைசிக் கடிதத்தை அவர் படிக்கவில்லை, படிக்கவும் கொடுக்க மாட்டேன்.

நாங்கள் குன்னங்குளத்துக்கு வரவில்லை. எங்கே இருக்கப் போகிறோம் என்பதையும் எழுதவில்லை. அவர் உங்களிடம் சொல்லச் சொன்னது ஒன்றே ஒன்று. "அதையெல்லாம் எடுத்துரச் சொல்லு. நான் ரோட்டுல நடக்கணும்."

எத்தனை எங்கே ஒட்டினீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

ஷேர்லி

*

பையன்னூர்
17 ஜூன் 2003

ஷேர்லிக்கு,

உன் அப்பாவின் விலாசத்துக்கு அனுப்புகிறேன். அவர் சேர்ப்பித்தால் சரி.

பாலக்காட்டிலிருந்து தொடங்கினேன். வாளியும் இரும்புத் தகடும் கொண்டு போனேன். மழை பிடித்துவிட்டதால் பாதி இடங்களில் பசை தானாகவே இளகியிருந்தது. கோழிக்கோட்டு ஆதரவற்றோர் இல்லத்துக்கும் போனேன். சிஸ்டர் சாப்பாட்டு ஹாலுக்குக் கூட்டிப் போய் இரண்டு நோட்டீஸையும் காட்டினார். புதியது வந்ததும் பழையதற்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறார். "நீங்க யாரு?" என்றார். அச்சகத்திலிருந்து வருகிறேன் என்றேன். ஒரு ஏணி கொடுத்தார்.

குன்னங்குளத்தில் எடுத்தது பகலில்தான். ஆள் இல்லாத நேரம் பார்த்து எடுக்கலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு வேண்டாம் என்று தோன்றியது. டீக்கடையில் ஒருவன், "என்ன மாஷே, சொந்தச் சரக்கை நீங்களே கிழிக்கிறீங்க?" என்றான். தகட்டை வாளியில் நனைத்துக்கொண்டு அடுத்ததைச் சுரண்டினேன். சுவரில் நூற்றுப் பதினான்கு இருந்தன, எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். கம்ப்யூட்டரில் இருந்த ஃபைல்கள் மூன்றும் அழித்தாகிவிட்டது. விளம்பரத்தின் பிளேட்டைக் கொச்சப்பனிடமிருந்து வாங்கிப் பழைய அலுமினியத்தோடு போட்டுவிட்டேன். இதனால் ஏதாவது சரியாகும் என்று எழுதவில்லை. கேட்டதைச் செய்துவிட்டேன் என்று தெரிவிக்க எழுதுகிறேன்.

பையன்னூர்தான் கடைசி. இங்கே ஸ்டாண்டில் ஒரு பெட்டிக்கடைக்காரன் மட்டும் தகராறு செய்தான். கடையின் பலகையில் ஒரு ஓட்டை, நோட்டீஸ் அதன் மேல் ஒட்டியிருக்கிறது. "மூணு வாரமா சாரல் உள்ள வராம இவருதான் நிக்கிறாரு. நல்ல தாளு. விட்டுட்டுப் போங்க சார்" என்றான். என் பையில் வெள்ளை ஆர்ட் பேப்பர் இருந்தது. நான்காக மடித்துப் பசை தடவி, அந்த இடத்தில் நானே ஒட்டிக் கொடுத்தேன். அவன் ஒரு சாயா போட்டுத் தந்தான்.

"அப்ப ஆளு கெடச்சாச்சா?" என்றான்.

"கெடச்சாச்சு."

"உங்களுக்கு யாரு?"

"தம்பி."

"எங்க இருக்காரு இப்ப?"

"சுகமா இருக்கான்" என்றேன்.

அவன் கேட்டது அதுவல்ல. அவனுக்கும் அது தெரிந்தது. கிளாஸை வாங்கிக் கழுவப் போய்விட்டான்.

இட்டூப்